ஐம்பத்தெட்டு தளங்களில் எரிந்த தீ

2 அக்டோபர் 2024, புதன்

லிஃப்ட் மறுபடியும் செத்துவிட்டது. பதினொரு மாடி ஏறினேன். பினாங்கு ஆயர் ஈத்தாமில் இந்த அடுக்குமாடியைக் கட்டியவன் ஒரு நாள் இங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

அலுவலகத்துக்குப் புதிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஓய்வூதிய நிதியம். உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் முதலீடு செய்கிறவர்கள். பணம் போடும் முன் அந்த நிறுவனத்தைப் பற்றி, அந்த ஊரைப் பற்றி வெளியில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். அதைத்தான் நாங்கள் விற்கிறோம். என் நிரல் ஒன்பதாயிரம் செய்தித் தளங்களைப் படித்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பெண் போடும். கழித்தல் நூறிலிருந்து கூட்டல் நூறு வரை. மனிதக் கை படாது. லெபு பந்தாய் தெருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், ஒழுகும் ஏர்கோனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஆறு பேர் இதைச் செய்கிறோம்.

அவர்கள் கண்காணிக்கச் சொன்ன பட்டியலில் நூற்று நாற்பது பெயர்கள். எண்பத்தேழாவது வரிசையில் அக்கா வேலை செய்யும் தொழிற்சாலை.

இரண்டு முறை படித்தேன். அதேதான். புக்கிட் மெர்தாஜாம் முகவரி. ‘இரண்டாம் கட்டிடம் — முடிவு நிலுவையில்’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

வீட்டில் சொல்லக் கூடாது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

4 அக்டோபர், வெள்ளி

ஐமானுடன் வாதம். அவர் எங்கள் குழுத் தலைவர். கெட்ட செய்தியின் பாதிப்பு முப்பது நாள், நல்ல செய்திக்கு மூன்றே நாளா, இது நியாயமா என்று கேட்டார். ஆறு வருடத் தரவை ஓட்டிப் பார்த்தேன், முதலீட்டாளர்கள் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள், நியாயம் என் வேலை இல்லை என்றேன். “நீ கல்யாணம் பண்ணா உன் பொண்டாட்டி பாவம்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். விதி நிலைத்தது.

எத்தனை தளங்கள் ஒரு செய்தியைப் போடுகின்றனவோ அத்தனை எடை. அதுவும் என் விதிதான். நேரில் பார்த்து எழுதிய செய்தியா, இன்னொரு தளத்தைப் பார்த்துக் காப்பியடித்ததா என்று பிரிப்பதில்லை. பிரித்தால் கணிப்பு மோசமாகிறது.

6 அக்டோபர், ஞாயிறு

துளசி அக்கா இன்று நல்ல மனநிலையில் இருந்தாள். காது கேட்காதவர்கள் போடும் கருவிக்குள் இருக்கும் சின்ன உணரிதான் அவள் தொழிற்சாலையில் செய்வது. எட்டு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு நவம்பர் முதல் தேதியும் புதுக் கையெழுத்து. இரண்டாம் கட்டிடம் வந்தால் அவளை நிரந்தரமாக்கி, உற்பத்தி வரிசைத் தலைவி ஆக்குவதாகச் சூப்பர்வைசர் ஸுல்கிஃப்லி வாக்குக் கொடுத்திருக்கிறார்.

“கட்டடம் வருமா வராதா, அத மட்டும் சொல்லமாட்டேங்குறாங்க. எவனோ வெள்ளக்காரன் யோசிக்கிறானாம்.”

நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

“உனக்கு ஒண்ணும் தெரியாதா? நீதான் உலக நியூஸெல்லாம் படிக்கிறியே.”

“நான் படிக்கல. மிஷின் படிக்குது.”

“மிஷின்கிட்ட கேளு லா.”

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. தொழிற்சாலையில் வருடா வருடம் இவர்கள் கோஷ்டி பத்து நிமிடம் பூஜை போடும். தேங்காய், பொரி, ஒரு வில்லை கற்பூரம். ஸுல்கிஃப்லிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பொரி முதல் தட்டு அவருக்குத்தான் போகும். கற்பூரம் ஏற்றும் முன் அவரே ஏணி வைத்துக் கூரையில் இருக்கும் புகை உணரிக்கு ஒரு ஷவர் தொப்பி மாட்டிவிடுவார். முடிந்ததும் கழற்றிவிடுவார். எட்டு வருடமாக இதே தொப்பி. பூப்போட்டது. அக்கா வாங்கிக் கொடுத்தது.

இது பாதுகாப்பு விதிமீறல் என்றேன். “போடா, நீயும் உன் விதியும்” என்றாள்.

11 அக்டோபர், வெள்ளி

காலை 10.40-க்கு அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டாள். அந்தக் குழுவில் அம்மா, அவள், நான், மூன்று பேர்தான். மேசைமேல் தட்டு, எரியும் கற்பூரம், தட்டைப் பிடித்திருக்கும் அவள் கை, பின்னால் உற்பத்தி வரிசையின் எண் பலகை. ‘சாமி கும்பிட்டுக்கோங்க’.

11.05-க்கு என் திரையில் எண்பத்தேழாவது வரிசை சிவப்பானது.

நடந்ததை மாலையில் அக்கா சொன்னாள். போன மாதம்தான் அந்த அறையைப் புதுப்பித்திருக்கிறார்கள். கூரையில் இருந்தது பழைய உணரி ஒன்றுதான். அதற்குத் தொப்பி மாட்டியாகிவிட்டது. காற்றுக் குழாய்க்குள்ளே புதிதாக ஒன்று வைத்திருப்பது இவர்களுக்குத் தெரியாது. அது அலறியிருக்கிறது. நானூறு பேர் வெளியே. போம்பாவின் தீயணைப்பு வண்டி இரண்டு வந்து, தீ எங்கே என்று தேடிவிட்டு, இல்லை என்று திரும்பிப் போயிருக்கின்றன. சாலைக்கு எதிரே நின்ற எவனோ காணொளி எடுத்துப் போட்டிருக்கிறான். ஒரு செய்தித் தளம் தலைப்பு வைத்தது: ‘பினாங்கு சிப் ஆலையில் தீ, 400 பேர் வெளியேற்றம்’.

அங்கே சிப் செய்வதே இல்லை.

தீயும் இல்லை.

12 அக்டோபர், சனி

எண்ணினேன். ஐம்பத்தெட்டு தளங்கள். சிங்கப்பூர், தைவான், பிராங்க்பர்ட். ஒருவரும் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில்கூடக் கேட்கவில்லை. ஒரே கட்டுரை, ஒரே எழுத்துப்பிழை — ‘மெர்தாஜாம்’ என்பதை ஐம்பத்தெட்டு பேரும் ஒரே மாதிரித் தப்பாக எழுதியிருக்கிறார்கள். பதினேழாவது தளத்தில் ‘விநியோகச் சங்கிலிக்கு ஆபத்தா?’ என்று கேள்வி. முப்பதாவதில் கேள்விக்குறி போய்விட்டது.

மதிப்பெண்: கழித்தல் 71. வியாழக்கிழமை கூட்டல் 22 இருந்தது.

அக்கா இன்று பொரியைத் தொடவே இல்லை. அம்மாதான் தின்றார்.

14 அக்டோபர், திங்கள்

தொழிற்சாலை அறிக்கை விட்டது. ‘சிறு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எச்சரிக்கை மணி ஒலித்தது. விசாரணை நடைபெறுகிறது.’ கற்பூரம் என்று எழுதவில்லை. எழுதினால் யார் ஏற்றியது, யார் அனுமதித்தது என்று வரும். ஸுல்கிஃப்லி வாய் திறக்கவில்லை, இவர்களும் திறக்கவில்லை. நிர்வாகத்துக்கே முழுசாகத் தெரியாது.

மூன்று தளங்கள் அறிக்கையைப் போட்டன. மூன்று. அதிலும் என் நிரல் ‘கோளாறு’, ‘விசாரணை’ இரண்டையும் பார்த்துவிட்டு மதிப்பெண்ணை இன்னும் இரண்டு குறைத்தது.

ஆம்ஸ்டர்டாமுடன் காணொளிக் கூட்டம். எண்பத்தேழு ஏன் விழுந்தது என்று அங்கிருந்து பேசிய பெண் அதிகாரி கேட்டார். ஐமான் வழக்கமான விளக்கம் கொடுத்தார். அவர்கள் விதி இது: முப்பது நாள் தொடர்ந்து கழித்தல் நாற்பதுக்குக் கீழே இருந்தால், அந்த இடம் அந்த ஆண்டின் பட்டியலில் இருந்து வெளியே. நான் கொடுத்த முப்பதை வைத்துத்தான் அந்த விதியையே அமைத்திருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஐமானிடம் சொன்னேன். அது பொய்ச் செய்தி, எனக்கு நேரடியாகத் தெரியும், கையால் திருத்தலாம், ஒரே ஒரு வரிசை.

“ஒண்ணைத் தொட்டா நாளைக்கு எல்லாத்தையும் தொடலாம். அப்புறம் நாம என்னத்த விற்கிறது? நீதானே சொன்ன, நியாயம் உன் வேலை இல்லைன்னு?”

சொன்னேன்தான்.

15 அக்டோபர், செவ்வாய்

அக்காவிடம் கேட்டேன், உண்மையை நிர்வாகத்திடம் சொன்னால் என்ன.

“சொன்னா ஸுல் அண்ணே வேலை போகும். அவருக்கு நாலு பிள்ளை.”

“சொல்லலைன்னா கட்டடம் போகும்.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

தட்டைக் கழுவ எழுந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “நாலு நாள் போனா மறந்துருவாங்க லா. நியூஸ்தானே” என்றாள்.

முப்பது நாள், அக்கா. நாலு இல்லை.

16 அக்டோபர், புதன்

அனுப்பிவிட்டேன்.

ஐமானைக் கேட்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் பெண்ணுக்கு நேராக மின்னஞ்சல். தீ இல்லை, கற்பூரம்; இது மத வழக்கம், வருடத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம்; மேற்பார்வையாளர் அனுமதியோடு, உணரியை மூடிவிட்டுத்தான் எட்டு ஆண்டுகளாகச் செய்கிறார்கள்; இந்த முறை புதிய உணரி இருந்தது தெரியவில்லை. ஆதாரமாக அக்கா போட்ட படத்தையும் இணைத்தேன். முகம் இல்லை, கை மட்டும்தான். ஒரு பொறியாளருக்கு எவ்வளவு விவரம் தேவையோ அவ்வளவும் எழுதினேன். அரைகுறை உண்மையால்தான் இவ்வளவு சிக்கலும். முழுசாகத் தெரிந்தால் புத்தியுள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள்.

நிம்மதியாக இருக்கிறது. ஐந்து நாளில் முதல் முறையாக வயிறு பசித்தது. கீழே போய்ச் சார் குவே தியாவ் நூடுல்ஸைப் பொட்டலமாகத் தாபாவ் செய்து வந்தேன், அக்காவுக்கும் சேர்த்து.

18 அக்டோபர், வெள்ளி

பதில் வந்தது. மரியாதையான பதில். அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன், மறந்துபோய்விடக் கூடாது.

‘நீங்கள் சொல்வதை நம்புகிறேன். தீ ஏற்படவில்லை என்று எங்கள் உள்ளூர் வழக்கறிஞரும் உறுதி செய்தார். ஆனால் எங்கள் குழு பார்ப்பது தீ ஏற்பட்டதா என்பதை அல்ல; மற்ற முதலீட்டாளர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை. அவர்களும் இதே செய்திகளைப் படிக்கிறார்கள். நாங்கள் மட்டும் உண்மை தெரிந்துகொண்டு உள்ளே போனால், நாளைக்கு எங்கள் பங்கை வாங்க ஆள் இருக்காது. உங்கள் மதிப்பெண்ணை நாங்கள் வாங்குவதே அதற்காகத்தான்.’

கீழே இன்னொரு பத்தி.

‘உணரியை மூடும் வழக்கம் பற்றிய தகவலை விதிப்படி அந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. படத்தையும் அனுப்பியுள்ளேன். நன்றி.’

அனுப்பியுள்ளேன். அனுப்பப் போகிறேன் இல்லை.

நான் என்ன செய்துவிட்டேன்.

19 அக்டோபர், சனி

அக்காவிடம் இன்று சொல்லிவிட வேண்டும்.

20 அக்டோபர், ஞாயிறு

சொல்லவில்லை. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

22 அக்டோபர், செவ்வாய்

அவளுக்கே தெரிந்துவிட்டது.

மாலை தொழிற்சாலை பஸ்ஸில் வரவில்லை. மதியமே கிராப் டாக்ஸி பிடித்து வந்திருக்கிறாள். நான் வேலையிலிருந்து வந்தபோது சோபாவில் உட்கார்ந்திருந்தாள், சீருடைகூட மாற்றவில்லை. அம்மா அடுக்களையில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், கழுவினதையே கழுவினார்.

மனிதவள அறையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பலகையில் வரிசை எண் தெரிந்தது. கையில் வளையல் தெரிந்தது. அதே வளையலைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டாளாம்.

“அந்தப் படத்த நான் நம்ம குரூப்ல மட்டும்தான் போட்டேன்” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எண்பத்தேழாவது வரிசை, முப்பது நாள், மின்னஞ்சல். வேகமாகச் சொன்னேன். வேகமாகச் சொன்னால் காரணம் புரிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

“ஷவர் தொப்பியையும் எழுதினியா?”

“எழுதினேன்.”

“பூப்போட்டதுன்னு?”

இல்லை என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

“எட்டு வருஷம் டா கோகு. ஒருத்தன் வாயத் தொறக்கல. செக்யூரிட்டி அண்ணேலேருந்து கேன்டீன் அக்கா வரைக்கும், சீனவங்க, மலாய்க்காரங்க, ஒருத்தர்கூட. உனக்கு மட்டும் எல்லாத்தையும் முழுசா சொல்லணும்.”

அம்மா தண்ணீரை நிறுத்தினார்.

30 அக்டோபர், புதன்

நாளைக்குத் தீபாவளி. அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஸுல்கிஃப்லியை வேலையிலிருந்து நீக்கவில்லை. சுங்கை பட்டாணி ஊரில் உள்ள கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், கீழ்ப் பதவியில். அவர் அக்காவுக்குக் கூப்பிட்டுத் தீபாவளி வாழ்த்துச் சொன்னாராம். இந்த வருடம் முறுக்கு கிடையாதா என்று கேட்டாராம்.

ஒரு வார்த்தை திட்டவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை.

10 நவம்பர், ஞாயிறு

முப்பதாவது நாள். கழித்தல் 44. நான்கு எண் கூடியிருந்தால் தப்பித்திருக்கும்.

3 டிசம்பர், செவ்வாய்

நிதியத்தின் முடிவு வந்தது. பினாங்கு இல்லை. இரண்டாம் கட்டிடத்துக்கான பணம் வியட்நாமில் வேறொரு நிறுவனத்துக்கு. காரணப் பத்தியை மூன்று முறை படித்தேன். ‘ஊடக மனநிலை தொடர்ந்து வரம்புக்குக் கீழே இருந்ததால்.’ அவ்வளவுதான். உணரி பற்றி ஒரு சொல் இல்லை. கற்பூரம் பற்றி இல்லை. என் மின்னஞ்சல் பற்றி இல்லை.

அப்படியென்றால் நான் அனுப்பியிருந்தாலும் அனுப்பாவிட்டாலும் கட்டிடம் போயிருக்கும். அனுப்பாமல் இருந்திருந்தால் அக்கா இன்னும் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள்.

இதை ஐமானிடம் சொன்னேன். நான் மின்னஞ்சல் அனுப்பியது அவருக்கு அப்போதுதான் தெரியும். கத்துவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, “உன் அக்காவா?” என்று மட்டும் கேட்டார். பிறகு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கொடுக்கத்தான் வேண்டும்.

4 டிசம்பர், புதன்

அந்த முடிவே இப்போது செய்தி. ‘தீ விபத்துக்குப் பின் பினாங்கைக் கைவிட்டது ஐரோப்பிய நிதியம்.’ முப்பத்தொரு தளங்கள். மதிப்பெண் மறுபடி இறங்கியது.

நடக்காத தீக்கு இப்போது ஒரு விளைவு இருக்கிறது. விளைவு இருந்தால் தீயும் இருந்திருக்கத்தானே வேண்டும்.

17 டிசம்பர், செவ்வாய்

இரண்டு வாரமாக ஒரு வேலை செய்தேன். மறுப்புச் செய்தி வந்தால் மூலச் செய்தியின் எடையைக் குறைப்பது. காப்பிகளை ஒன்றாக எண்ணுவது. சுத்தமாக எழுதினேன், வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. ஆறு வருடத் தரவில் ஓட்டினேன்.

கணிப்பு மோசமாகிவிட்டது. அறுபத்தெட்டு சதவீதம் சரியாக வந்தது ஐம்பத்தொன்பதுக்கு இறங்கியது. உண்மையைச் சேர்க்கச் சேர்க்க, முதலீட்டாளர்கள் என்ன செய்வார்கள் என்பது தப்பாக வருகிறது. என் நிரலில் பிழை தேடினேன். நிரலில் இல்லை.

ஐமான் எண்களைப் பார்த்தார். “நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இதை யார் வாங்குவா?”

9 ஜனவரி 2025, வியாழன்

அலுவலகம் புதிய விளம்பரக் கையேடு அச்சடித்திருக்கிறது. நான்காம் பக்கத்தில் ஒரு வரைபடம். ஊர் பெயர் இல்லை, நிறுவனத்தின் பெயர் இல்லை, ‘தென்கிழக்காசியத் தொழிற்சாலை’ என்று மட்டும். சிவப்புக் கோடு அக்டோபரில் செங்குத்தாக விழுகிறது. டிசம்பரில் ஓர் அம்புக்குறி: ‘முதலீடு விலகல்’. கீழே: ‘ஏழு வாரங்களுக்கு முன்பே எங்கள் மதிப்பெண் எச்சரித்தது.’

எச்சரித்ததாம்.

நாமே தள்ளிவிட்டு, விழப்போகிறது என்று முன்பே சொன்னோம் என்கிறோம். கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். விற்பனைப் பிரிவுக்காரர் மட்டும், “அது வாங்குறவங்களுக்குத் தெரியாதே, பிரதர்” என்றார்.

கையேட்டின் மூலம் ஏப்ரலுக்குள் நான்கு வாடிக்கையாளர்கள் வருவார்களாம்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். அக்கா வருடா வருடம் தொழிற்சாலைக் கோஷ்டியோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போவாள். இந்த முறை அம்மாவோடு பஸ்ஸில் போனாள். நான் கூப்பிடப்படவில்லை. நானும் கேட்கவில்லை.

23 மார்ச், ஞாயிறு

அக்காவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை. நாள் முழுக்க நிற்க வேண்டும். உருப்பெருக்கிக்கு அடியில் மயிரிழைக் கம்பியைப் பற்றவைத்த கை, இப்போது ரவிக்கைத் துணி கிழிக்கிறது.

நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். “பரவால்ல. இங்க யாரும் நியூஸ் போடமாட்டாங்க” என்றாள்.

ஐந்து மாதத்தில் என்னிடம் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம். எண்ணிக்கொண்டிருக்கவில்லை என்று எழுத நினைத்தேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

6 ஜூன், வெள்ளி

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. வீட்டில் நிலையான சம்பளம் இப்போது ஒன்றுதான், அது என்னுடையது. இதையும் நானே ஏற்பாடு செய்துகொண்டேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

எண்பத்தேழாவது வரிசையைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி ஆம்ஸ்டர்டாம் கேட்டது. நீக்கினேன். கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி மேலே வந்தன. இப்போது எண்பத்தேழில் சிலியில் ஒரு சுரங்கம். அங்கே யார் வேலை செய்கிறார்களோ.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. விடுப்பு எடுத்தேன்.

அம்மா காலையிலேயே கூடத்து மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார். அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் மடிக்கணினி. மடிக்கணினி மூடிமேல் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். அதற்கு வேண்டாம் என்றேன். “சோறு போடுதில்ல” என்றார்.

அக்கா எப்போதும் தொழிற்சாலை அட்டையை வைப்பாள். இன்று துணிக்கடை அளவு நாடாவைச் சுருட்டி வைத்தாள். பொரிப் பொட்டலத்தில் பாதியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

“யாருக்கு?” என்றேன்.

“ஸுல் அண்ணேக்கு. சனிக்கிழம பினாங்கு வர்றாராம். கடைக்கு வந்து வாங்கிக்கிறேன்னாரு.”

“நானும் வரட்டுமா?”

டப்பா மூடியை அழுத்திப் பார்த்தாள். “வா. ஆனா வெளக்கம் எதுவும் சொல்லாத.”

சரி என்றேன்.

அம்மா தட்டில் கற்பூரத்தை வைத்து வழக்கம்போல அக்காவிடம் நீட்டினார். வீட்டில் எப்போதும் அவள்தான் ஏற்றுவாள். அக்கா தட்டை வாங்கினாள். தீப்பெட்டியை எடுத்தாள், திறந்தாள், மூடினாள். அதை என்னிடம் கொடுத்தாள்.

ஏற்றினேன். இரண்டாவது குச்சியில்தான் பிடித்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம வீட்ல அதெல்லாம் இல்லக்கா” என்றேன்.

“தெரியும்” என்றாள்.

கற்பூரம் அணையும் வரை பார்வையை இறக்கவில்லை.